சென்னைத் துறைமுக நுழைவாயிலான ஜீரோ கேட் க்யூவில் எரியும் டீசலைக் கார்பன் கணக்கில் கொண்டுவருவது எப்படி?

மாதவரம்_யார்டு:
சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் 40 அடி பெட்டி ஓட்டும் டிரெய்லர்கள். பாதி பிஎஸ்4, பாதி பிஎஸ்6 (பழைய, புதிய புகை விதி வண்டிகள்). எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் உண்டு. ஏற்றுமதி பார்ட்டி டன்-கி.மீ.க்கு (ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுபோக) எத்தனை கிராம் கார்பன் என்று மாதாமாதம் கேட்கிறார். ஜிபிஎஸ் ரிப்போர்ட்டில் ஜீரோ கேட் க்யூ நேரமே வரவில்லை. யார்டில் சும்மா நிற்கும் வண்டியோ தினமும் சில கி.மீ. ஓடியதாகக் காட்டுகிறது. எதைச் சரி செய்வது?

எண்ணூர்_ரூட்:
யார்டில் ஓடுவது ஜிபிஎஸ் புள்ளிதான். அடுக்கிய பெட்டிகளில் சிக்னல் பட்டுத் தெறித்துப் புள்ளி அலைகிறது, சாஃப்ட்வேர் அதையும் தூரமாகக் கூட்டுகிறது. இன்ஜின் ஓடாத நேரத்துத் தூரத்தைக் கழிக்கச் சொல்லுங்கள்.

நிற்கும் நேரத்தைப் பிடிக்க 'வேகம் பூஜ்யம், 5 நிமிடத்துக்கு மேல்' என்று விதி வைத்திருப்பார்கள். க்யூ ஊர்ந்துகொண்டே இருப்பதால் அந்த 5 நிமிடம் நிறைவதே இல்லை. திருவொற்றியூரிலிருந்து கேட் வரை எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒடுக்கமாக ஜியோஃபென்ஸ் (மேப்பில் போடும் எல்லைக் கோடு) வரையுங்கள். வட்டமாகப் போட்டால் காசிமேட்டுத் தெருவெல்லாம் உள்ளே வந்துவிடும். அதற்குள் 10 நிமிடச் சராசரி வேகம் மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே என்றால் க்யூ.

இக்னிஷன் ஒயரை நம்பாதீர்கள் சார். ஃபேனுக்கும் போன் சார்ஜுக்கும் சாவி ஆனில்தான் இருக்கும். 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 27க்கு மேல் தரும், 26.5ஐ எல்லையாக வையுங்கள், அதற்கு மேல் என்றால் இன்ஜின் ஓடுகிறது.

டீசல்_கணக்கு:
பிஎஸ்6க்கு டேங்க் சென்சார் வீண் செலவு. ஜே1939 கேன் லைனில் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒயர்) மொத்த டீசல் கவுன்ட்டர் 0.5 லிட்டர் படியில் ஏறும் (உங்கள் மாடல் அதை அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்). ஒயரை வெட்டாமல் மேலே கவ்வும் ரீடர் போடுங்கள், இல்லாவிட்டால் வாரண்டி தகராறு.

பிஎஸ்4க்குக் கபாசிட்டிவ் ராடு (டேங்குக்குள் இறக்கி டீசல் மட்டத்தை அளக்கும் சென்சார்). டேங்க் ஆழத்தைவிட 2 செ.மீ. குறைத்து வெட்டுங்கள், அடியில் தேங்கும் தண்ணீர் ராடைத் தொட்டால் ரீடிங் பொய். டேங்கை வடித்து, சமதளத்தில் நிறுத்தி, 20 லிட்டராக ஊற்றி அட்டவணை எழுதவேண்டும். ஒரே மாடல்தானே என்று அந்த அட்டவணையை அடுத்த வண்டிக்குக் காப்பியடிப்பதில்தான் பல இடங்களில் கணக்கு கெடுகிறது. டேங்க் நசுங்கியிருக்கும், ராடு வேறு இடத்தில் இருக்கும்.

ராடால் க்யூ டீசலை அளக்க முடியாது. மணிக்கு 2, 3 லிட்டர் என்பது டேங்கில் டீசல் ஆடுகிற ஆட்டத்திலேயே மறைந்துவிடும். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, 3 மணி நேரம் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓட) விட்டு, மறுபடி விளிம்புக்கு நிரப்பினால் மணிக்கு எவ்வளவு என்று தெரியும். அதைக் க்யூ நேரத்தால் பெருக்குங்கள். ஊர்வதற்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

டன்_கிமீ:
தூரத்தில் ஏமாறாதீர்கள். ஜிபிஎஸ் தூரத்தால் வகுத்தால், சுற்றிப் போகிற வண்டிக்கு நல்ல மார்க் கிடைக்கும். போக்குவரத்துக் கார்பன் கணக்குக்கான ஐஎஸ்ஓ 14083 (2023) அதனால்தான் குறுகிய சாத்தியமான தூரத்தையோ நேர்க்கோட்டுத் தூரத்தையோ கேட்கிறது. எடைக்கு விஜிஎம் (சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை) ரசீது போதும், 2016 ஜூலையிலிருந்து ஏற்றுமதிப் பெட்டிக்கு அது கட்டாயம். கதவில் எழுதியுள்ள டேர் எடையை (காலிப் பெட்டியின் எடை) கழித்தால் சரக்கு.

உதாரணத்துக்கு 22 டன், 30 கி.மீ. என்றால் 660 டன்-கி.மீ. லோடுக்கு 10 லிட்டர், எம்ப்டிக்கு (காலிப் பெட்டி எடுக்கும் ஓட்டம்) 6.5, மூன்று மணி க்யூவுக்கு 7.5, ஆக 24 லிட்டர். லிட்டருக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வைத்தால் டன்-கி.மீ.க்குச் சுமார் 97 கிராம். க்யூ இல்லையென்றால் 67தான். 2.68 என்பது புகைக்குழாய்க் கணக்கு மட்டும். ஐஎஸ்ஓ முறையில் டீசல் தயாரிப்பும் சேரும், அதற்கான எண்ணைப் பார்ட்டியின் ஆடிட்டரிடமே வாங்குங்கள்.

மாதவரம்_யார்டு:
எம்ப்டி எடுக்கப் போகும் டீசலும் எங்கள் தலையிலா?

டன்_கிமீ:
ஆமாம், கட்டாயம் சேர்க்கணும். ரிப்போர்ட்டில் லோடு, எம்ப்டி, க்யூ மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். க்யூவில் எவ்வளவு எரிகிறது என்று பார்ட்டிக்கும் தெரியட்டும், பெட்டியை எத்தனை மணிக்கு லோடு செய்து விடுவது என்பது அவர் கையில் இருக்கிறது.