மறுமொழி: பரோலுக்கு ஒரு சொல்லா, இரண்டா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கச் சட்டத்தில் வரும் 'பரோல்' (parole) என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் உரையாடலில் வந்த ஒரு கருத்துக்கு இது என் பதில்.

> 'நிபந்தனை விடுதலை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாகப் புரிகிறது.

எளிதாகப் புரியும், ஆனால் தவறாகப் புரியும். 'நிபந்தனை' என்றதும் நம் வாசகருக்கு நாள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனை ஜாமீன்தான் நினைவுக்கு வரும். அதுவோ பெரும்பாலும் தீர்ப்புக்கு முந்தையது. 'பரோல்' என்று அப்படியே எழுதினால், தங்கை திருமணத்துக்கு வந்துவிட்டுச் சிறைக்குத் திரும்பும் விடுப்பு என்று கொள்வார்கள். நம் நாளிதழ்கள் அப்படிப் பழக்கிவிட்டன.

அமெரிக்க மாநிலச் சட்டங்களில் இச்சொல் இரண்டைக் குறிக்கிறது. தண்டனைக் காலம் முடியுமுன் கைதியை வெளியே விடலாமா என்று பரோல் வாரியம் எடுக்கும் முடிவு ஒன்று. வெளியே வந்தவர் அலுவலர் ஒருவரின் மேற்பார்வையில் கழிக்கும் காலம் மற்றொன்று. விஸ்கான்சின் மாநிலம் 1999 டிசம்பர் 31 முதல் நிகழும் குற்றங்களுக்கு முதலாவதை ஒழித்தது. அங்கே நீதிபதி சிறைக்காலத்தையும் அதன்பின் வரும் கண்காணிப்புக் காலத்தையும் தீர்ப்பிலேயே தனித்தனியாக அறிவிக்கிறார். பின்னது முன்னதில் 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதால், மூன்றாண்டுச் சிறைக்குக் குறைந்தது ஒன்பது மாதக் கண்காணிப்பு உண்டு. விதிகளை மீறினால் மீண்டும் சிறை. இதைப் 'பரோல் ஒழிப்பு' என்று மொழிபெயர்த்தால், வெளியே வந்தவரை எவரும் கேட்பதில்லை என்றல்லவா படும்?

கலிபோர்னியாவில் நிலைமை தலைகீழ். 1976இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்கு நிலையான தண்டனைக்காலத்தை வகுத்து, வாரியத்தின் விருப்புரிமையை ஆயுள் கைதிகள் அளவில் சுருக்கியது. ஆயினும் விடுதலைக்குப் பிந்தைய மேற்பார்வைக்குப் பரோல் என்ற பெயரே நீடித்தது.

ஆகவே முடிவுக்கு 'வாரிய விடுதலை' என்றும், மேற்பார்வைக்கு 'வெளிக்கண்காணிப்பு' என்றும் முன்மொழிகிறேன். 2024 ஆகஸ்ட் 1 முதலான குற்றங்களுக்கு லூசியானா கொண்டுவந்த மாற்றத்தை, சில விலக்குகளுடன் கூடிய 'வாரிய விடுதலை நீக்கம்' என எழுதலாம். அதே மாநிலம் தண்டனையில் 85 விழுக்காட்டையேனும் சிறையில் கழிக்க வேண்டுமென்று நன்னடத்தைக்காகச் சிறை நாள்களைக் குறைக்கும் சலுகையையும் இறுக்கியிருக்கிறது. அச்சலுகைக்கு 'கழிவு நாள்' போதும். 'நன்னடத்தை' என்ற சொல்லை, சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவரை மேற்பார்க்கும் நன்னடத்தை அலுவலருக்கே (probation officer) விட்டுவிடலாம். 'வெளிக்கண்காணிப்பு' என்பதில் காவல்துறையின் வேவு வாடை அடிக்கிறது என்போர் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.