மறு: 'ஸ்யூர் லீ' – அடிமண்டி முதிர்வு எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். மஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை வைனின் லேபிளில் வரும் 'ஸ்யூர் லீ' (sur lie, 'லீயின் மேல்') என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது. 'லீ' என்பது நொதித்த பின் தொட்டியின் அடியில் படியும் ஈஸ்ட்.

> லீ என்பதற்குக் 'கசடு' போதும். 'கசடுமேல் வைன்' என்றே எழுதிவிடலாம்.

கசடு எனக்கு ஒப்பவில்லை. கசடு என்றாலே நீக்க வேண்டியது என்றுதான் பொருள். மஸ்கடே வைனில் நடப்பது இதற்கு நேர்மாறு. நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் படிகிறது. பல ஊர்களில் உடனே தெளிவை இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். மஸ்கடே விளையும் இடத்தில், அதாவது பிரான்சில் லுவார் ஆறு கடலில் சேரும் நாந்த் நகரின் பக்கத்தில், குளிர்காலம் முழுக்க அந்த ஈஸ்ட் படிவின் மேலேயே வைனை விட்டுவைக்கிறார்கள். லேபிளில் 'ஸ்யூர் லீ' என்று போட வேண்டுமானால் மார்ச் 1க்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது சட்டம். அங்கே விளையும் மெலோன் த பூர்கோன்ய் திராட்சைக்கு மணம் குறைவு, புளிப்பு தூக்கல். 1709ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மற்ற கொடிகள் கருகிய பிறகு, குளிர் தாங்கும் என்று பரவலாக நட்ட கொடி அது. அந்த வைனின் வாய்நிறைவும் லேசான ரொட்டி வாசமும் செத்த ஈஸ்ட் சிதைவதால் வருபவை. இறுத்து மாற்றாததால் கரியமிலவாயுவும் கொஞ்சம் தங்கி நாக்கில் சுறுசுறுக்கும். இவ்வளவையும் தரும் பொருளைக் கசடு என்று எப்படிச் சொல்வது?

'வண்டல்' என்று எழுதியிருந்தவருக்கு: அது ஆற்றுக்கே இருக்கட்டும். 'மண்டி' சரியான சொல், கள்ளுக்கும் அதுதான் புழக்கம். ஆனால் தனியே நின்றால் வாழைக்காய் மண்டி நினைவுக்கு வரும். 'அடிமண்டி' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. செக்கெண்ணெய் வாங்கும் யாருக்கும் உடனே புரியும். ஆகவே செய்முறைக்கு 'அடிமண்டி முதிர்வு' என்பது என் பரிந்துரை.

லேபிளில் வரும் 'ஸ்யூர் லீ' வேறு விஷயம், அதை மொழிபெயர்க்க வேண்டாம். கிளிஸோன், கோர்ஜ், ல பலே ஆகிய மூன்று ஊர்களின் பெயரால் 2011இல் தனி அங்கீகாரம் பெற்ற மஸ்கடேக்கள் இன்னும் நீண்ட காலம் அடிமண்டியில் கிடப்பவை. அந்தக் காலம் 'ஸ்யூர் லீ'க்கு விதித்த வரம்பைத் தாண்டிவிடுவதால் அவற்றின் லேபிளில் அந்தச் சொல் வராது! இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வேறுபாடு தமிழில் காணாமல் போகும்.

> 'மொறுமொறுப்பான வெள்ளை வைன்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன்.

முறுக்குக்குத்தான் அது பொருந்தும். ஆங்கிலத்தில் 'கிரிஸ்ப்' (crisp) என்று இங்கே சொல்ல வந்தது இனிப்பின் மறைப்பு இல்லாமல் சுருக்கென்று ஏறி, வாயைத் துடைத்துவிட்டுப் போகும் புளிப்பை. 'கூர்ப்புளிப்பு' எனலாம். வெறும் 'புளிப்பான வைன்' என்றால் கெட்டுப்போனதாக நினைத்துவிடுவார்கள்.

இந்தச் சொல் கிடைத்தால் உணவுப் பொருத்தத்தை விளக்குவதும் எளிது. பச்சைச் சிப்பியின் உப்புக்கு எலுமிச்சை பிழிவதற்குப் பதில் மஸ்கடேயின் கூர்ப்புளிப்பு. வேகவைத்த கருஞ்சிப்பி, வறுத்த சிறுமீன், ஆட்டுப்பால் சீஸ் எல்லாவற்றுக்கும் அதே கணக்குத்தான். நாந்த் பக்கத்துப் பேர் பிளான், அதாவது சின்ன வெங்காயமும் வெண்ணெயும் சேர்ந்த சாறு, ஆற்றுமீன் மேல் ஊற்றுவது. அந்த வெண்ணெயின் கனத்தை இந்த வைன் வெட்டிக் கொடுக்கும். இதை நல்ல குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும். ஆல்கஹாலும் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பிரான்சில் 10 யூரோவுக்குள்ளேயே நல்ல பாட்டில் கிடைக்கிறது என்பதால் சாதாரண ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகும். அப்புறம், பெயரைப் பார்த்து மஸ்கட் வைனோடு குழப்ப வேண்டாம். அது பூமணம் தூக்கலான வேறு திராட்சை.

இன்னும் ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. மண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றும் வேலைக்கு 'இறுத்தல்' என்று மேலே எழுதினேன். 'வடித்தல்' என்றால் துணியோ சல்லடையோ நினைவுக்கு வருகிறது. எண்ணெய் தெளிய வைப்பவர்களோ பதநீர் காய்ச்சுபவர்களோ இதற்குப் புழங்கும் சொல் உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.