கம்ப்யூட்டர் போர் விளையாட்டுல, போர்னு வந்தா கூட்டாளி ஏன் கழட்டி விடறான்? நாலு ஊர் ஆட்டக்காரங்க சொல்றாங்க.

குப்பம்:
யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ல சந்திரகிரி பக்கத்து ஆளுங்க கை விஜயநகரத்துக்குத்தான் போகும். பாமினி மேல போர் அறிவிக்கிற பெட்டியிலேயே, கூட்டாளி வருவானா மாட்டானான்னு பச்சை, சிவப்புக் குறி காட்டும். சிவப்பா இருந்தா மவுஸை அது மேல வச்சுப் பாருங்க. கூட்டல், கழித்தல் எண்ணோட காரணம் வரும். கடன், தூரம், ஏற்கெனவே வேற போர்ல மாட்டியிருக்கிறது, இதுங்கதான் முக்கியம். நம்ம மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் கடன் கழுத்தை நெரிச்சா வர மாட்டான். முதல்ல பணம் அனுப்புங்க, கடன் இறங்குதான்னு பாருங்க, அப்புறம் அறிவிங்க.

நாம தொடங்குற போருக்குக் கூட்டாளியைக் கூப்பிட ஃபேவர் (அவன் நமக்குப் பட்டிருக்கிற நன்றிக் கணக்கு) 10 வேணும். இல்லைன்னா நிலம் தர்றேன்னு வாக்கு கொடுக்கலாம். சமாதானத்துல கை விரிச்சா நம்பிக்கை எண் சரியும், அந்தப் பள்ளத்தை நிரப்ப ரொம்ப வருஷம் ஆகும். தரப் போறதில்லைன்னா வாக்கே கொடுக்காதீங்க.

நகரி:
அண்ணா, அதே பெட்டியில இன்னொரு கண்ணி இருக்கு. எதிரியோட கூட்டாளியை 'கோ-பெல்லிஜெரன்ட்'னு (அவனும் நேரடி எதிரின்னு) டிக் பண்ணா, அவன் நிலம் சமாதானத்துல மலிவாக் கிடைக்கும். ஆனா அவனோட கூட்டாளிங்களும் சேர்ந்து இறங்குவாங்க. ஒருத்தனை அடிக்கப் போய் அஞ்சு பேர் வர்றது இதனாலதான்.

கோயலிஷன் (நமக்கு எதிரா நாடுங்க சேர்ற கூட்டு) இதைவிடக் கொடுமை. அக்ரெசிவ் எக்ஸ்பேன்ஷன் (நிலம் பிடிச்சதால நம்ம மேல ஏறுற பழி எண்) 50-ஐத் தாண்டி, நம்ம மேல வெறுப்பும் இருந்தா அக்கம்பக்கம் எல்லாம் ஒண்ணு கூடிடும். அந்தப் பழி எண் அடிப்படையா வருஷத்துக்கு 2தான் கரையும். கோயலிஷன் போர்ல ஒருத்தனை மட்டும் பிரிச்சு சமாதானம் பேசவும் முடியாது. ஆனா நம்மளோட ட்ரூஸ்ல (போர் முடிஞ்சு வர்ற போர் நிறுத்தக் காலத்துல) இருக்கிற நாடு கோயலிஷன்ல சேர முடியாது. சமாதானத்துல எடுத்த வார்ஸ்கோரை (போர் வெற்றிப் புள்ளியை)ப் பொறுத்து ட்ரூஸ் 5-லிருந்து 15 வருஷம் வரைக்கும் ஓடும். அதனால கொதிச்சுப் போயிருக்கிறவங்கள்ல பெரியவனை, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே தனியா அடிச்சு ட்ரூஸ்ல கட்டிப் போடுங்க.

சித்தூர்:
சிவிலைசேஷன் 6-ல நட்பு அறிவிப்பு சாதாரண வேகத்துல 30 டர்ன் (ஆட்டச் சுற்று). முடியற டர்னைக் குறிச்சு வைங்க, அன்னிக்கே புதுப்பிக்கலைன்னா பாதுகாப்பு போச்சு. கூட்டணியில ஒரு வகைக்கு ஒருத்தர்தான். ரிசர்ச் கூட்டணியைப் பக்கத்துல இருக்கிற சோப்ளாங்கிக்குக் கொடுத்துட்டா, நல்ல ஆள் வந்து கேட்கும்போது இடம் இருக்காது. கேதரிங் ஸ்டார்ம்ல (அந்த ஆட்டத்தோட கூடுதல் பதிப்புல) திடீர்னு போர் அறிவிச்சா 150 கிரீவன்ஸ் (நம்ம மேல விழுற மனக்குறைப் புள்ளி). முதல்ல டினவுன்ஸ் (வெளிப்படையாக் கண்டனம்) பண்ணி 5 டர்ன் பொறுத்தா 100.

புத்தூர்:
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல டீம் லாக் பண்ணாம (அணியை மாத்த முடியாதபடி பூட்டாம) ஆடறப்போ, கூட்டணிங்கிறது ஒரு வழிப் பாதை. நீங்க அவனை 'Ally' (கூட்டாளி)ன்னு வச்சா உங்க படைதான் அவனை அடிக்காது. அவன் உங்களை 'எனிமி'ன்னு வச்சிருந்தா, உங்க வில்லாளிங்க நின்ன இடத்துலயே சாவாங்க. டிரிப்யூட் (கூட்டாளிக்குப் பொருள்) அனுப்புறதுக்கும் 30% வெட்டு உண்டு, 100 உணவு அனுப்ப 130 போகும். காயினேஜ்ங்கிற மேம்பாட்டை எடுத்தா 20%, பேங்கிங்கிற மேம்பாட்டையும் எடுத்தா வெட்டே இல்லை. கூட்டாளிக்கு அள்ளிக் கொடுக்கிற ஆட்டம்னா இந்த ரெண்டையும் முதல்ல எடுங்க.

குப்பம்:
நகரி தம்பி சொன்ன ட்ரூஸ் கணக்கு சரி. அதோட ஒண்ணு, யூரோப்பால உறவு இடம் (எத்தனை நாட்டோட உறவு வச்சுக்கலாம்ங்கிற அளவு) அடிப்படையா 4தான். சிற்றரசும் அதுல ஒரு இடம் பிடிக்கும். ஒரே நாட்டோட கூட்டணியும் கல்யாண உறவும் இருந்தா ரெண்டும் சேர்ந்து ஒரு இடம்தான், அதனால உள்ள கூட்டாளி வீட்டுலயே சம்பந்தம் பேசுங்க. 4-க்கு மேல போற ஒவ்வொண்ணுக்கும் மாசம் 1 டிப்ளமேட்டிக் பாயிண்ட் (ராஜதந்திரப் புள்ளி) கழியும். படைக்கு ஆள் அனுப்ப வக்கில்லாத குட்டி நாட்டுக்காக அதை அழறது வேண்டாம்.