ட்ராக்கில் ஆரம்ப நாட்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு கணம்

ஒற்றைசிலிண்டர்:

ட்ராக் டே, அதாவது பந்தயத் தளத்தில் நம் சொந்த பைக்கை ஓட்டும் நாள், அதற்கு எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதியவர்கள் குழு, மதியத்துக்கு மேல் வந்த செஷன். நீளமான ஸ்ட்ரெயிட் முடிந்ததும் ஒரு வலது வளைவு. பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே வண்டியைச் சாய்த்து ஏபெக்ஸுக்கு, அதாவது வளைவின் உள் ஓரத்தை ஒட்டிப் போகும் புள்ளிக்கு, இறங்கிக்கொண்டிருக்கிறேன். என் வலது முட்டிக்கும் ட்ராக் ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கெர்புக்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில் ஒரு முன்சக்கரம் நுழைந்தது. சத்தம்கூட அப்புறம்தான் கேட்டது. முதலில் தெரிந்தது அந்தச் சக்கரமும், அதன் டிஸ்க்கில் இருந்த ஓட்டைகளும்தான். அவ்வளவு பக்கம்.

வண்டியை நிமிர்த்தி, வெளிப்பக்க வெள்ளைக் கோடு வரை போய், எப்படியோ திரும்பிவிட்டேன். யாரும் விழவில்லை. ஆனால் மனசில் நிற்பது அது இல்லை. செஷன் முடிந்து, வண்டிகளை நிறுத்தி வைக்கும் பேடக்கில் அவரே தேடி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தபடி, “நீங்க என்னைப் பார்த்துட்டீங்கன்னு நினைச்சேன் ப்ரோ” என்றார். எதில் பார்ப்பது? சைடு மிரரைக் கழற்றினால்தான் வண்டியையே பரிசோதனையில் பாஸ் பண்ணுகிறார்கள். புதியவர்கள் குழுவில் உள்பக்கமாக முந்தக் கூடாது, ஸ்ட்ரெயிட்டில் மட்டும்தான் என்று காலையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்கள். அவர் கெட்டவர் இல்லை, அன்று முழுக்க எல்லாருக்கும் ஓடி ஓடி உதவியவர். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

செயின்லூப்:

எனக்கு பிரேக் லிவர்.

ட்ராக்குக்குப் போகும் முன்னால் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பில்லில் மாற்றியதாக இருந்தது. காலை செஷன்களில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறியதும் லிவர் ஒவ்வொரு லேப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர ஆரம்பித்தது. கை களைத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். செஷன் முடிய ஒரு லேப் இருக்கும்போது, ஸ்ட்ரெயிட் கடைசியில், வளைவுக்கு இன்னும் 200 மீட்டர் என்று காட்டும் பலகையைத் தாண்டி லிவரைப் பிடித்தேன். எதிர்ப்பே இல்லாமல் நேராக வந்து ஹேண்டில்பாரில் படுத்துக்கொண்டது. விரல் கிரிப்பில் இடித்தது. அந்த ரப்பரின் தொடுகை இன்றைக்கும் விரலில் இருக்கிறது.

மணிக்கு 180 கிமீ என்றால் நொடிக்கு 50 மீட்டர். 200 மீட்டர் பலகைக்கும் 100 மீட்டர் பலகைக்கும் நடுவில் வெறும் இரண்டு நொடி. லிவரை விட்டு மறுபடி அடித்தேன், அதன்பின் இன்னொரு தரம். மூன்றாவது அடியில்தான் பிரஷர் வந்தது. வளைவைத் திருப்பப் பார்க்கவில்லை, நேராக வெளி ஓரத்துத் தார்ப்பகுதிக்குள் விட்டு நிறுத்தினேன். ட்ராக் ஓரத்தில் கொடி காட்டும் மார்ஷல் ஓடி வந்து “கீழே விழுந்தீங்களா?” என்று கேட்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை, லிவரை மட்டும் அழுத்திக் காட்டினேன்.

பேடக்கில் திறந்து பார்த்தால் ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. பழைய ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் தர அளவிலேயே 155 வரை இறங்க இடமிருக்கிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. நடந்தது அவ்வளவுதான். அந்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீலக்கொடி:

ஒற்றைசிலிண்டர், கோபிக்க வேண்டாம், மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். நான் நடுக் குழுவில் ஓட்டுகிறேன். ஒருமுறை எனக்கு முன்னால் போனவர் ஸ்ட்ரெயிட்டில் என்னைவிட வேகம். வளைவு வந்தால் ஏபெக்ஸுக்கு இருபது மீட்டர் முன்னாலேயே சட்டென்று ஆக்சிலரேட்டரை மூடிவிடுவார். சுத்தி ரெண்டு பக்கமும் போக வழியில்லை. அவர் சைலன்சரில் இருந்து “பட் பட்” என்று வந்த அந்தச் சத்தம் கேட்டாலே இப்போதும் என் கை தானாக பிரேக்குக்குப் போகிறது.

முந்துபவர்தான் பொறுப்பு என்பது சரி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று பின்னால் வருகிறவர் ஊகிக்க முடிய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரேக் பிடிப்பதை நேராக இருக்கும்போதே தொடங்குங்கள், சாயச் சாய லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரேயடியாக விட்டால் முன் ஃபோர்க் எழும்பி வண்டி அகலமாகப் போகும். சாய்ந்த பிறகு ஆக்சிலரேட்டரை மூடாதீர்கள், மூடினால் எடை எல்லாம் முன் டயரில் போய் உட்காரும். பயமாக இருந்தால் அடுத்த லேப்பில் முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் யாரோ இருக்கிறார் என்று தெரிந்ததும் வழிவிடுகிறேன் என்று லைனை, அதாவது நீங்கள் போய்க்கொண்டிருக்கும் பாதையை, மாற்றுவதுதான் ரொம்ப ஆபத்து. உங்கள் லைனிலேயே போங்கள், அவர் வழி கண்டுபிடித்துக்கொள்வார். திரும்பிப் பார்க்கவே வேண்டாம். தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை ஹேண்டிலைத் தள்ளும். ட்ராக்கை விட்டு பிட்டுக்குள் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே கையைத் தூக்குங்கள், இல்லையென்றால் காலை நீட்டுங்கள். இன்னொன்று: ஸ்ட்ரெயிட்டில் பெரிய வண்டி வேகமாக ஓடுவதைத் திறமை என்று நினைக்காதீர்கள். 300 சிசி வண்டியில் வளைவில் உங்களைத் தாண்டுகிறவரிடம் போய்ப் பேசுங்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

ஒற்றைசிலிண்டர்:

நான் ஆக்சிலரேட்டரை மூடவும் இல்லை, லைனை மாற்றவும் இல்லை நண்பரே. பின்னால் வந்த இன்னொருவரின் கேமராவில் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்வது உங்களுக்கு முன்னால் போனவரைப் பற்றி.

தார்வாசம்:

நீலக்கொடி சொன்ன “திரும்பிப் பார்க்காதே” என்பதை வைத்தே என் கதை. ஆனால் இது முன்னால் பார்ப்பது பற்றி.

ஒரு பயிற்சியாளர் எனக்கு முன்னால் ஓட்டினார். மூன்றாவது கியர் மட்டும், பிரேக்கே தொடக் கூடாது. கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் பிரேக் இல்லை என்றதும் ஸ்ட்ரெயிட்டில் பறக்கும் ஆசை போய்விடுகிறது, வளைவுக்குள் எந்த வேகத்தோடு போகிறோம் என்பது மட்டுமே கணக்கு. ரெண்டு லேப் நன்றாகப் போனது. ஒரு இடது வளைவில் அவர் ஏபெக்ஸுக்கு வராமல் வெளியே, வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போனார். நானும் அப்படியே பின்னால் போனேன். என் டயர் அந்தக் கோட்டின் மேலேயே ஓடியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இடது கையை டேங்கில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினார், அப்புறம் வளைவு முடிகிற வெளிமுனையைக் காட்டினார்.

வேண்டுமென்றேதான் தப்பாகப் போயிருக்கிறார். உள்ளே வந்ததும், “என் பின் டயரைப் பார்க்காதீங்கம்மா, நான் தப்பான இடத்துக்குப் போனா நீங்களும் வந்துடுவீங்க” என்றார். குரலில் கோபமே இல்லை. அடுத்த செஷனில் ஏபெக்ஸை அடைவதற்கு முன்னாலேயே கண்ணைத் தூக்கி வெளிமுனையைப் பார்த்தேன். வளைவு திடீரென்று அகலமாகிவிட்டது, மெதுவாகவும் ஆகிவிட்டது. வேகம் அதேதான். இதை எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், நானே மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்த வெள்ளைக் கோட்டில் ஓடும்வரை அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

அப்புறம், யார் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி: சாயும்போது முட்டி தரையில் உரசுவதற்காக ஓட்டாதீர்கள். பேடக்கில் முட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்லைடரைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்கள். முட்டி என்பது எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அளக்கிற கருவி. வெளிப்பக்கத் தொடை டேங்கைப் பிடித்திருக்கிறதா, கை தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் மற்றது தானாக வரும்.

பழையடயர்:

@தார்வாசம் அக்கா, முட்டி உரசினால்தான் சிலருக்குத் தைரியமே வருகிறது, அதை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எனக்கு வந்தது.

என் கதை சின்னது. என்னோடு வந்த நண்பர் செஷனின் முதல் லேப்பிலேயே விழுந்தார். நான் பின்னால். அந்த ட்ராக்கில் வலது வளைவுகள்தான் அதிகம். வரிசையாக வலது, வலது, வலது, அப்புறம் ஒரே ஒரு இடது. அதில் சாய்த்ததும் பின் டயர் வழுக்கி, உடனே பிடித்து, அவரை அப்படியே மேலே தூக்கிப் போட்டது. கால் ரெண்டும் வண்டிக்கு மேலே இருந்ததைப் பார்த்தேன். லெதர் சூட், முதுகுக் கவசம் எல்லாம் இருந்ததால் எழுந்து நடந்தார். எழுந்ததும் முதலில் டயரைத்தான் தொட்டுப் பார்த்தார்.

டயர் சூடேறுவது என்பதை யாரும் சரியாக விளக்குவதில்லை, அதனால் எழுதுகிறேன். டயர் முழுவதும் ஒரே மாதிரி சூடாகாது. வலது பக்கம் கொதிக்கும்போதும் இடது பக்கம் குளிர்ந்தே இருக்கலாம். பெரிய பந்தயக்காரர்களுக்கே இது பிரச்சினை. ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் 13 வளைவு, அதில் 10 இடது, 3 மட்டும் வலது. வரிசையாக இடது வளைவுகள் முடிந்து வரும் 11-வது வளைவு வலது, இறக்கத்தில். மோட்டோஜிபி உலகப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களே அங்கே விழுவார்கள். அதற்காக ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு ரப்பர் வைத்த டயரைக் கொடுக்கிறார்கள். நமக்கு அது கிடையாது. முதல் ரெண்டு லேப்பில் குறைவாக வரும் பக்கத்தை மறக்காதீர்கள். காற்றும் முக்கியம். பெரிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் சாலைக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பார்கள், அதோடு ட்ராக்கில் ஏறக் கூடாது. ஓட ஓட உள்ளே காற்று விரிந்து அளவு இன்னும் ஏறும், தரையைத் தொடுகிற பரப்பு குறையும். எவ்வளவு இறக்குவது என்பது டயருக்கு டயர் மாறும், தயாரிப்பாளர் சொல்கிற அளவைக் கேளுங்கள். சூடாக இருக்கும்போது, உள்ளே வந்த உடனே அளந்து எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு கேஜ் வேண்டும். பக்கத்து வண்டிக்காரரின் கேஜை வாங்கி அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும். டயர் வார்மரும் வாங்கிவிடுங்கள், சுமார் 80 டிகிரி வரை சூடாக்கும்.

செயின்லூப்:

வார்மர் எதற்குப் புதிதாக வருகிறவர்களுக்கு? கோடே இல்லாத பந்தய டயரான ஸ்லிக் போட்டால் கட்டாயம் வேண்டும். சாலை டயர் ரெண்டு லேப் நிதானமாக ஓட்டினாலே சூடாகிவிடும். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுக்கட்டும்.

மூன்றாம்கியர்:

டயர் சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு உறுத்துவது ஒரு சிவப்புக் கொடி.

மேட்டைத் தாண்டினால்தான் அந்த மார்ஷல் நிற்கும் இடம் தெரியும். எனக்கு முன்னால் நாலைந்து பேர். மேட்டில் ஏறியதும் சிவப்பு தெரிந்தது, கூடவே எனக்கு நேர் முன்னால் போனவர் சாலையில் நாய் குறுக்கே வந்த மாதிரி முழு பிரேக் அடித்தார். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நான் வலது பக்கம் போனேன், எனக்குப் பின்னால் வந்தவர் இடது பக்கம் போனார். மூவரும் ஒருவரை ஒருவர் தொடாமல் நின்றோம். கொடி காட்டியதே வேறெங்கோ எண்ணெய் கொட்டியதற்காக. அங்கே யாருக்கும் அடியில்லை, இங்கே மூன்று பேர் போயிருப்போம். அந்த மார்ஷல் கொடியை அசைப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் என்னால் மறக்க முடியவில்லை.

காலையில் விதிகளைச் சொல்லும் பிரீஃபிங்கில் எல்லாரும் மஞ்சள் என்றால் முந்தாதே, சிவப்பு என்றால் செஷன் முடிந்தது, கறுப்பு காட்டி உன்னைச் சுட்டினால் உள்ளே வா, மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டது என்றால் தரை வழுக்கும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். சிவப்பைப் பார்த்ததும் எப்படி வேகத்தைக் குறைப்பது என்று யாரும் கேட்பதில்லை. கையைத் தூக்கு, பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும், படிப்படியாகக் குறை. அப்புறம் பிட்டுக்கு வா. சில இடங்களில் மார்ஷல் நிற்கும் இடத்திலேயே நிற்கச் சொல்வார்கள், அதைக் காலையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீலக்கொடி:

மூன்றாம்கியர் சொன்னது நூற்றுக்கு நூறு. இதை என் குழுவில் அப்படியே பகிரலாமா?

மூன்றாம்கியர்:

தாராளமாக. அந்த மேடு இருக்கிற ட்ராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.