கார் ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுப் போனுக்கு மாறியவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து:

2012-ல் வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஏழு வருடம் என் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. நல்ல கருவிதான். ஆனால் மேப்பைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதனால் புதிய புறவழிச்சாலை எதில் ஏறினாலும் திரையில் என் கார் வயல்வெளிக்குள் போய்க்கொண்டிருக்கும். 2018-ல் போன் மேப் தமிழில் வழி சொல்ல ஆரம்பித்தது. அடுத்த வருடம் கருவியைக் கழற்றிவிட்டேன்.

போனை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குப் புரிந்தது மைசூர் போனபோதுதான். ஊட்டியில் காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பினோம். தலைக்குந்தாவில் வலதுபக்கம் திரும்பி, கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கச் சொன்னது செயலி. தூரம் குறைவு என்பது மட்டும்தான் அதன் கணக்கு. அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு அவ்வளவு கடுமை, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் உயிர்கள் போயிருக்கின்றன. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடையும் உண்டு. அங்கே நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "போனைப் பாத்துட்டு எல்லாரும் இங்கதான் சார் திரும்புறாங்க. கூடலூர் வழியா போங்க" என்றார். பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மனிதரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கினோம். தொரப்பள்ளி சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் டவர் போய்விட்டது. "இனி எப்படிங்க?" என்றாள் மனைவி. ஆனால் நீலப் புள்ளி சரியாக நகர்ந்துகொண்டே வந்தது. முந்தைய இரவே நீலகிரி, மைசூர் பகுதி மேப்பைப் போனில் இறக்கி வைத்திருந்தேன்.

பலர் நினைப்பதுபோல ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் போன் நேரடியாக வாங்கிக்கொள்கிறது. நாலு கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இன்டர்நெட் வேண்டியது மேப்புக்கும் டிராஃபிக் நிலவரத்துக்கும்தான். பழைய கருவிக்குள் மேப் எப்போதும் இருந்தது, போனில் அதை நாமே இறக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், அந்தக் காட்டுச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். நேரம் பார்த்துக் கிளம்புங்கள். போனைக் கண்ணாடியில் ஒட்டவும் வேண்டாம். வெயிலும் சார்ஜ் சூடும் சேர்ந்து திரை மங்கிவிடும். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டினால் பிரச்சினை இல்லை.

சென்னையிலிருந்து:

கால் டாக்ஸி ஓட்டுகிறேன் சார், போன் இல்லாமல் எனக்குப் பிழைப்பே கிடையாது. மேம்பாலத்தில்தான் சிக்கல். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று அதற்குத் தெரிவதில்லை. முதல் மாதம் கத்திப்பாரா மேம்பாலத்தில் குரலை நம்பி இரண்டு தடவை தப்பான கிளையில் ஏறினேன். இப்போதெல்லாம் பாலம் வருவதற்கு முன்பே பச்சைப் பலகையைப் பார்த்துவிடுவேன்.

ரொறன்ரோவிலிருந்து:

கோயம்புத்தூர் அண்ணா சொல்வது காருக்குச் சரி. நான் பெரிய ட்ரக் ஓடுகிறேன். சாதாரண செயலிக்கு என் வண்டியும் ஒரு கார்தான். ட்ரெய்லரின் உயரம் 13 அடி 6 அங்குலம். நியூ யோர்க் பக்கம் பார்க்வே என்று பெயருள்ள வீதிகளில் ட்ரக் ஏறவே கூடாது, அங்கே பாலங்கள் மிகவும் தாழ்வு. வேலைக்கு வந்த புதிதில் போனைப் பார்த்து அப்படி ஒன்றில் ஏறிவிட்டேன். பாலத்தைக் கண்டு நிறுத்தியதும் கைகால் நடுங்கிவிட்டது. பொலிஸ் வந்து பின்னால் வாகனங்களை மறித்த பிறகுதான் மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். அடுத்த சம்பளத்தில் ட்ரக்குக்கென்றே வரும் ஜிபிஎஸ் வாங்கினேன். உயரம், எடை, நீளம் எல்லாம் கொடுத்தால் அதற்கேற்ற வழியைத்தான் காட்டும். போன் பக்கத்திலேயே இருக்கிறது, முன்னால் நெரிசல் எவ்வளவு என்று பார்க்க.