ஃபிளாய்டு ரோஸ் பிரிட்ஜ்: கட்டை வைத்து நிறுத்துவதா, கழற்றிவிட்டு வேறு மாட்டுவதா?

ஆறாம் கம்பி:
வணக்கம். என்னிடம் இருப்பது ஃபிளாய்டு ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ் (கம்பிகளின் இழுவைக்கும் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் இழுவைக்கும் நடுவே சமநிலையில் நிற்பது) உள்ள கிட்டார். 10-46 கம்பிகள், பின்னால் 3 ஸ்பிரிங். பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை மாற்றும் டிரெமோலோ கைப்பிடியை எப்போதாவதுதான் தொடுகிறேன், அதுவும் கீழே அழுத்துவதற்கு மட்டும். ஆனால் டிராப் டி (ஆறாம் கம்பியை மட்டும் ஒரு முழு சுரம் இறக்கும் அமைப்பு) தினமும் வேண்டும். ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடுகின்றன. அவற்றைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஆறாவது மறுபடி விலகியிருக்கிறது. பேசாமல் இதைக் கழற்றிவிட்டு அசையாத பிரிட்ஜ் ஒன்றை மாட்டிவிடலாமா?

மரத்தூள்:
கழற்றுவது எளிது, அதற்குப் பிறகுதான் வேலையே. அந்த பிரிட்ஜுக்காக உடல் மரத்தை முன்னிருந்து பின்வரை துளைத்திருப்பார்கள். அதை அதே வகை மரத்தால் அடைத்து, ஒட்டி, இழைத்து, மேலே மறுபடி வண்ணம் பூச வேண்டும். புதிய பிரிட்ஜ் எங்கே உட்கார வேண்டும் என்பதை நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) 12ஆம் ஃப்ரெட் வரையுள்ள தூரத்தின் இருமடங்கை வைத்துக் குறிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இன்டொனேஷன் (ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போது சுருதி சரியாக இருப்பது) சரியாகவே வராது. இப்போது இருக்கும், கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டை எடுத்தால் அதன் மேடை தாழ்வாக இருக்கும், சாதாரண நட் வைக்க அங்கேயும் அடைப்பு வேண்டும். நட்டை அப்படியே விட்டு வைத்தாலும் அதன் பூட்டுகளைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பூட்டிய பிறகு சுருதியைச் சரிசெய்ய உதவும் நுண்சுருதித் திருகுகள் பழைய பிரிட்ஜோடு போய்விட்டன. இத்தனையும் டிராப் டி-க்காகவா? பிரிட்ஜ் அசையாமல் தடுக்க உள்ளே ஒரு கட்டை வையுங்கள்.

நள்ளிரவு ரிஃப்:
கட்டைதான் சரி. பின்மூடியைக் கழற்றி, பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் உலோகப் பாளத்துக்கும் கிட்டாரின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மரத்தூள்:
அது எதிர்ப்பக்கம், நண்பரே. கைப்பிடியை அழுத்திப் பாருங்கள்: பாளம் வால்பக்கம் நகரும். ஆகவே அங்கே கட்டை வைத்தால் அழுத்துவதுதான் நின்றுபோகும். இவருடைய சிக்கல் வேறு. ஒரு கம்பியின் இழுவை குறைந்ததும் ஸ்பிரிங்குகள் ஜெயித்துப் பாளத்தைக் கழுத்துப்பக்கம் இழுக்கின்றன, பிரிட்ஜின் வால் தாழ்கிறது, மற்றக் கம்பிகள் ஏறுகின்றன. கம்பி அறுந்தால் எல்லாமே கெடுவதும் இதனால்தான். தடுக்க வேண்டியது கழுத்துப்பக்க நகர்வை.

செய்முறை இது. முதலில் வழக்கமான ஈ சுருதியில் பிரிட்ஜை உடலுக்கு இணையாக நிறுத்துங்கள். பாளத்துக்கும் கழுத்துப்பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கடினமான மரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். மென்மையான மரம் வேண்டாம், பாளம் அதில் மெல்ல மெல்லப் பதிந்து சுருதியை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குகள் குறுக்கே நிற்பதால், வால்பக்கம் தற்காலிகமாக ஏதாவது ஆப்பு கொடுத்து, நடு ஸ்பிரிங்கைக் கழற்றினால் வழி கிடைக்கும். பிறகு ஆப்பை எடுத்துவிட்டுக் கைப்பிடியை லேசாக அழுத்துங்கள், இடைவெளி விரியும். துண்டை உள்ளே தள்ளிக் கைப்பிடியை விடுங்கள். பசை போடாதீர்கள், இருபக்க ஒட்டும் டேப் போதும். நாளை மனம் மாறினால் கிட்டார் பழையபடி உங்கள் கையில் இருக்கும்.

முக்கியமான பாதி இனிமேல்தான். ஸ்பிரிங்கை மாட்டி, அதன் மறுமுனையைப் பிடித்திருக்கும் கொக்கித்தட்டின் இரண்டு ஸ்குரூக்களையும் சமமாக இறுக்குங்கள். முதலில் சுருதி ஏறும், ஒரு கட்டத்தில் ஏறுவது நின்றுவிடும். பாளம் கட்டையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் இறுக்கி வையுங்கள்.

ஆறாம் கம்பி:
மிக்க நன்றி, ஐயா. வெட்டிச் செருகிவிட்டேன். ஆறாவதை இறக்கினால் மற்றவை இப்போது அசைவதில்லை. ஆனால் மூன்றாம் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு முழு சுரம் வளைக்கும்போது கூடவே ஒலிக்கும் முதல் கம்பி லேசாகத் தாழ்கிறது. கட்டை சரியில்லையா?

நள்ளிரவு ரிஃப்:
கட்டை சரிதான், இறுக்கம் போதவில்லை. நீங்கள் வளைக்கும்போது கம்பியின் கூடுதல் இழுவை பாளத்தைக் கட்டையிலிருந்து பிரித்துவிடுகிறது. ஸ்குரூவில் இடம் இருந்தால் இன்னும் இறுக்குங்கள், இல்லையென்றால் நான்காவது ஸ்பிரிங் சேருங்கள். கைப்பிடி கனமாகும், அது இதற்கான விலை. கைப்பிடியே வேண்டாம் என்பவர்கள் வால்பக்கமும் ஒரு துண்டு வைத்து முழுதாகப் பூட்டிவிடலாம் (என் கட்சி அதுதான், ஆனால் கேட்டவர் நீங்கள்).

ஆறாம் கம்பி:
நான்காவது ஸ்பிரிங் போட்டதும் சரியாகிவிட்டது. வளைத்தாலும் முதல் கம்பி நிற்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: ஈ-யிலிருந்து டி-க்குப் போக ஒவ்வொரு முறையும் நட் பூட்டைத் திறக்கத்தான் வேண்டுமா?

மரத்தூள்:
ஆமாம், நுண்சுருதித் திருகு ஒரு முழு சுரம் இறங்கப் பெரும்பாலும் போதாது. அதற்காகவே டி-டூனா என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஆறாம் கம்பியைப் பிரிட்ஜில் இறுக்கிப் பிடிக்கும் பூட்டுத் திருகு இருக்கும் இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். இழுத்தால் டி, தள்ளினால் ஈ. பிரிட்ஜ் பின்னுக்குச் சாயாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும், உங்களுடையது இப்போது அப்படித்தான் இருக்கிறது. வாங்கும் முன் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள குடைவைப் பாருங்கள், கருவியை வெளியே இழுக்கும்போது மரத்தில் இடித்தால் பயனில்லை. அதுவரை நட்டில் கடைசி இரண்டு கம்பிகளுக்கான பூட்டை மட்டும் திறந்து வைத்து வாசித்துப் பாருங்கள். கைப்பிடியைக் குறைவாகத் தொடுபவருக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.