சான்றிதழ் விவரங்களை இயந்திரத்துக்குப் புரிய வைத்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

நான் ஒரு பயிற்சி நிறுவனத்தின் தளத்தைக் கவனிக்கிறேன். எங்கள் சான்றிதழ்களை ஸ்கீமா.ஆர்க் சொற்களால் குறிக்கும் வேலை வந்தது. 2011-ல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ சேர்ந்து தொடங்கிய பொதுச் சொல்தொகுதி அது; பக்கத்தில் எது என்ன என்று தேடுபொறிக்குப் புரிய வைக்கும். அதில் பட்டம், சான்றிதழ், பேட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘எஜுகேஷனல் ஆக்குபேஷனல் கிரெடென்ஷியல்’ என்று ஒரு வகை இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது, அதனால் எங்களுக்கு அது வெறும் கிரெடென்ஷியல்.

பெரும்பாலான புலங்களை ஒரு மதியத்தில் நிரப்பிவிட்டோம். மாட்டிக்கொண்டது ‘ரெகக்னைஸ்டு பை’ என்ற இடத்தில். இந்தச் சான்றிதழை யார் ஏற்கிறார்கள் என்று அது கேட்கிறது. பக்கத்தின் அடியில் நிறைய லோகோக்கள் வரிசையாக நின்றன. அதில் எது அங்கீகாரம், எது வெறும் உறுப்பினர் சந்தா? அலுவலகத்தில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பழைய கடிதங்களைத் தோண்டிப் பார்த்தால், சில அமைப்புகள் எங்கள் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அந்த லோகோக்களைப் பக்கத்திலிருந்தே எடுத்தோம். மார்க்கெட்டிங் ஆட்களுக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

*

எனக்குத் தலைவலி ‘வேலிட் ஃபார்’. சான்றிதழ் எத்தனை காலம் செல்லும் என்பதை, தேதியையும் கால அளவையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் எழுத வேண்டும். 2 ஆண்டு என்றால் ‘பி2ஒய்’. அது சுலபம். காலாவதியே இல்லாத சான்றிதழுக்கு? காலியாக விட்டோம். ஆனால் யாரும் நிரப்பாமல் விட்டதும் காலியாகத்தானே தெரியும்!

*

நான் வேலை விளம்பரப் பக்கம். ‘பட்டம் அல்லது அதற்கு ஈடான அனுபவம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம் அல்லவா? ஸ்கீமா.ஆர்க்கில் வேலை விளம்பரத்துக்கான ஜாப் போஸ்டிங் வகையில் கல்வித் தகுதி ஒரு புலம், அனுபவம் இன்னொரு புலம். இரண்டையும் நிரப்பினால் இரண்டும் கட்டாயம் என்றுதான் தெரியும். படிப்புக்குப் பதிலாக அனுபவம் போதுமா என்று ஆம், இல்லை மட்டும் கேட்கும் தனிப் புலம் உண்டு. அதை நிரப்பச் சொல்லி மேலாளர்களிடம் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாதிப் பேருக்கு அந்த ‘அல்லது’ ஒரு மரியாதைக்காக எழுதியதாம். பட்டம் இல்லாத விண்ணப்பத்தை அவர்கள் திறந்தே பார்த்ததில்லை. அனுபவத்தை மாதக் கணக்கில் எழுது என்றதும் இன்னும் திணறினார்கள்.

*

இதனால் போலிச் சான்றிதழ் ஒழியுமா?

*

ஒழியாது. இந்தச் சொற்கள் ஒரு சான்றிதழ் எப்படிப்பட்டது என்று விவரிக்கும், அவ்வளவுதான். அது உங்கள் கையில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அதற்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019-ல் வெளியிட்ட வெரிஃபையபிள் கிரெடென்ஷியல்ஸ் தரத்தைப் பாருங்கள். டிஜிட்டல் பேட்ஜ்களுக்கான தரமான ஓபன் பேட்ஜஸின் 3.0 பதிப்பும் அதையொட்டியே அமைந்தது.